மிதித்தால் திறக்கும் தீவனப் பெட்டி: பதினான்கு மாதங்களுக்குப் பிறகு

மூன்று இரவுகள் தொடர்ந்து கோழித் தீவனத்தை எடை போட்டேன். பொழுது சாய்ந்து, ஆறு கோழிகளும் கூட்டுக்குள் ஏறிக் கம்பில் அமர்ந்த பிறகு, தீவனத் தொட்டியைத் தராசில் வைத்து எடையைக் குறித்துக்கொள்வேன். விடியற்காலையில், கூட்டுக் கதவைத் திறப்பதற்கு முன்பே மறுபடியும் எடை பார்ப்பேன். முதல் இரவு 215 கிராம் குறைந்திருந்தது. இரண்டாம் இரவு 190. மூன்றாம் இரவு 230. இருட்டில் கோழிக்குக் கண் சரியாகத் தெரியாது. கம்பில் அடைந்துவிட்டால் விடியும் வரை இறங்காது. அப்படியானால் அந்த இருநூறு சொச்சம் கிராமைத் தின்றது யார் என்பதில் சந்தேகத்துக்கு இடமே இல்லை.

ஒரு வளர்ந்த எலி ஒரு நாளைக்கு இருபது, இருபத்தைந்து கிராம் தின்னும். கணக்குப் போட்டுப் பார்த்தால், தினமும் எட்டு முதல் பத்து எலிகளுக்கு நான் சாப்பாடு போட்டுக்கொண்டிருந்தேன். முட்டையிடும் கோழி ஒன்றுக்கு நாளொன்றுக்கு 110 முதல் 120 கிராம் தீவனம் போதும். ஆறு கோழிகளுக்கு ஏறத்தாழ 700 கிராம், மாதத்துக்கு 21 கிலோ. நான் வாங்கியதோ 28 கிலோ. மீதியைக் கோழிகள் கிளறி வீணடிக்கின்றன என்றே அதுவரை நினைத்திருந்தேன்.

எடை போடத் தூண்டியவர் பக்கத்து வீட்டுப் பெரியவர். ஒரு நாள் மதில் ஓரமாக நின்று, "என்னம்மா, நீ கோழி வாங்கிய நாளிலிருந்து என் தோட்டத்திலும் எலி நடமாட்டம் அதிகமாகிவிட்டதே" என்றார். குரலில் கோபம் இல்லை. ஆனாலும் அன்று எனக்குச் சுருக்கென்று இருந்தது. "கோழிக்கும் எலிக்கும் என்ன சம்பந்தம் ஐயா, எலி எல்லாத் தோட்டத்திலும்தான் இருக்கிறது" என்று சொல்லிவிட்டு உள்ளே வந்துவிட்டேன். அந்தப் பதிலில் பாதிதான் உண்மை. எலி எங்கும் இருப்பது உண்மை. எங்கள் விறகுக் குவியலுக்கு அடியில் கோழிகள் வருவதற்கு முன்பே ஒரு பழைய வளை இருந்தது. ஆனால் ஓரிரண்டாக இருந்ததைப் பத்தாகப் பெருக்கியது என் தீவனத் தொட்டி. பெண் எலி மூன்று வாரச் சினையில் ஆறு முதல் பன்னிரண்டு குட்டி போடும். அந்தக் குட்டிகள் இரண்டு மூன்று மாதத்தில் தாமே குட்டி போடத் தயாராகிவிடும். இரவு முழுவதும் தட்டு நிறையத் தீவனம் கிடைக்கும் இடத்தில் அந்தக் குடும்பம் எப்படி வளரும் என்று சொல்லத் தேவையில்லை.

கோழியின் வாசனைக்கு எலி வருவதில்லை. இரவில் எடுக்காமல் விட்ட தீவனத்துக்கும், சிந்திக் கிடக்கும் குருணைக்கும், எடுக்க மறந்த முட்டைக்கும், தண்ணீருக்கும்தான் வருகிறது. இது புரிந்த பிறகே மிதித்தால் திறக்கும் தீவனப் பெட்டியைத் தேடிப் போனேன். பதினான்கு மாதங்களாக அதைப் பயன்படுத்துகிறேன். வாங்க நினைப்பவர்களுக்கு அதன் நல்லதையும் கெட்டதையும் உள்ளபடி சொல்கிறேன். இதே அமைப்பில் பல பேர் செய்து விற்கிறார்கள். என்னிடம் இருப்பதன் பெயரைச் சொல்லப் போவதில்லை. எந்தப் பெயரில் வாங்கினாலும் பார்க்க வேண்டியவை ஒன்றுதான்.

அமைப்பு எளிமையானது. துத்தநாகம் பூசிய இரும்புத் தகட்டில் செய்த பெட்டி. ஒன்பது கிலோ தீவனம் கொள்ளும். என் ஆறு கோழிகளுக்குப் பன்னிரண்டு நாட்களுக்கு வரும். மேலே கொட்டினால் தீவனம் தானாகச் சரிந்து கீழே உள்ள தொட்டிக்கு வரும். தொட்டியின் மேல் ஒரு தகட்டு மூடி. பெட்டியின் முன்னால் தரையை ஒட்டி ஒரு மிதிப்பலகை. பலகையும் மூடியும் இரண்டு பக்கமும் கம்பிகளால் இணைக்கப்பட்டிருக்கின்றன. கோழி பலகையில் ஏறி நின்றால் மூடி தூக்கும். இறங்கினால் மூடி தன் கனத்தில் விழுந்து மூடிக்கொள்ளும். என் கோழிகள் ஒன்றரை முதல் இரண்டு கிலோ எடை உள்ளவை. எலி எவ்வளவு கொழுத்தாலும் அரைக் கிலோவைத் தாண்டுவது அரிது. அந்த எடை வித்தியாசத்தை நம்பித்தான் இந்தப் பெட்டியே இருக்கிறது.

வந்த அன்றே செய்து பார்த்த ஒரு சோதனையை யாரும் தவறவிடக் கூடாது. மணலைப் பொட்டலம் கட்டி, ஒவ்வொன்றாகப் பலகை மேல் வைத்து, எத்தனை கிராமில் மூடி தூக்குகிறது என்று பார்த்தேன். 900 கிராமில் தூக்கிவிட்டது. இது போதாது. எலிகள் ஒன்றாக வந்து மேயும். மூன்று எலிகள் ஒரே நேரத்தில் பலகையில் ஏறினால் 900 கிராம் ஆகிவிடும். பெருச்சாளி நடமாடும் இடத்தில் ஒன்றே போதும். அதில் ஒரு கிலோவை நெருங்குவதும் உண்டு. மூடியின் முன் விளிம்பில் ஓர் இரும்புப் பட்டையைத் திருகி முடுக்கிக் கனத்தைக் கூட்டினேன். மறுபடி மணலை வைத்துப் பார்த்தபோது 1,300 கிராமில்தான் தூக்கியது. என் கோழிகளில் எடை குறைந்தது ஒன்றரைக் கிலோ என்பதால் இது பொருத்தமான இடம். இந்தத் திருத்தத்தை வாங்குபவர் தலையில் கட்டாமல், கனத்தைக் கூட்டவும் குறைக்கவும் வசதி செய்து கொடுத்திருக்க வேண்டும். அப்படி வரும் பெட்டிகளும் இருக்கின்றன. கிடைத்தால் அதையே வாங்குங்கள்.

பலகையின் அகலத்தையும் அது இருக்கும் இடத்தையும் பாருங்கள். பலகை அகலமாகவும் பெட்டியை ஒட்டியும் இருந்தால் எலிகள் வரிசையாக ஏறி நிற்க வசதியாகிவிடும். குறுகலாகவும், தொட்டியிலிருந்து சற்றுத் தள்ளியும் இருந்தால் கோழி பலகையில் நின்றபடி கழுத்தை நீட்டித் தின்னும். எலி பலகையில் நின்றால் தொட்டி எட்டாது. என்னுடையது அகலமான வகை. அது எனக்குக் குறைதான்.

கோழிகளைப் பழக்குவதற்குப் பொறுமை வேண்டும். முதல் ஐந்து நாட்கள் பலகை மேல் ஒரு செங்கல்லை வைத்து மூடியை முழுவதும் திறந்தே விட்டேன். அடுத்த நான்கு நாட்கள் கல்லை மாற்றி மூடியைப் பாதி திறந்து வைத்தேன். கோழி ஏறினால் மீதி திறக்கும். பத்தாம் நாள் கல்லை எடுத்துவிட்டேன். கருப்பி அன்று காலையிலேயே புரிந்துகொண்டது. ஏறுவதும், மூடி தூக்குவதும், தலையைச் சாய்த்துத் தொட்டிக்குள் பார்ப்பதும், கொத்துவதும் அதற்கு ஐந்து நிமிட வேலையாகிவிட்டது. மற்ற மூன்று கோழிகள் அதைப் பார்த்தே கற்றுக்கொண்டன. செம்பிக்கு நான்கு நாள் ஆயிற்று.

புள்ளிதான் என்னைக் கவலைப்பட வைத்தது. மூடி விழும்போது எழும் 'டக்' என்ற சத்தத்தைக் கேட்டாலே அது சிறகடித்துப் பின்வாங்கும். வேறு கோழி மிதித்து நிற்கும்போது மட்டும் பக்கவாட்டில் தலையை நீட்டி இரண்டு கொத்துக் கொத்தும். அந்தக் கோழி இறங்கினால் இதுவும் விலகிவிடும். ஒரு வாரம் கழித்து, இரவில் கம்பில் உட்கார்ந்திருந்த அதன் மார்புக்கு அடியில் கையை வைத்துப் பார்த்தேன். நெஞ்செலும்பு கத்தி முனைபோலக் கையில் பட்டது. இரு பக்கமும் இருக்க வேண்டிய சதை இல்லை. மறுநாளே ஒரு பழைய சைக்கிள் டியூபை வெட்டி மூடியின் விளிம்பில் ஒட்டிச் சத்தத்தை அடக்கினேன். நண்பகலில் புள்ளியை மட்டும் தனியே பிரித்து ஒரு கைப்பிடி தீவனம் கொடுத்தேன். பத்தொன்பதாம் நாள்தான் அது தானாகப் பலகை ஏறியது. பெட்டியோடு வந்த தாளில் "கோழிகள் சில நாட்களில் பழகிவிடும்" என்று ஒரு வரி மட்டுமே இருந்தது. எல்லாக் கோழிகளும் ஒன்றல்ல. பழக்கும் காலத்தில் ஒவ்வொரு கோழியின் நெஞ்செலும்பையும் இரண்டு நாளுக்கு ஒருமுறை தொட்டுப் பாருங்கள்.

இனி எலிகள் விஷயம். முதல் பத்து நாட்கள் எலி அந்தப் பெட்டியின் பக்கமே வரவில்லை. மூடி திறந்து கிடந்த இரவுகளிலும்கூட வரவில்லை. நான் மகிழ்ந்து போனேன். அந்த மகிழ்ச்சிக்குக் காரணமே இல்லை. பழகிய இடத்தில் புதிய பொருள் ஒன்றைக் கண்டால் எலி பல நாட்கள் ஒதுங்கி நிற்கும்; அது அதன் இயல்பு. அதனால்தான் வாங்கிய மூன்றாம் நாளே "எலித்தொல்லை ஒழிந்தது" என்று யாராவது சொன்னால் நான் இப்போது நம்புவதில்லை. எந்தப் பெட்டியாக இருந்தாலும் ஒரு மாதம் கழித்துத் தான் பேச வேண்டும்.

பதினொன்றாம் இரவு, பெட்டியைச் சுற்றியிருந்த சிமெண்டுத் தரையில் முகப்பவுடரை மெல்லியதாகத் தூவி வைத்தேன். காலையில் குனிந்து பார்த்தபோது எல்லாம் எழுதி வைத்ததுபோல் தெரிந்தது. முன்னங்கால் தடத்தில் நான்கு விரல், பின்னங்கால் தடத்தில் ஐந்து. இரண்டுக்கும் நடுவே, நூலை இழுத்ததுபோல வாலின் கோடு. பெட்டியை இரண்டு சுற்றுச் சுற்றியிருக்கிறது. பலகையில் ஏறியிருக்கிறது. மூடியின் வலது மூலையில் நின்று நெடுநேரம் முயன்றிருக்கிறது. அங்கே பவுடர் முழுவதும் கலைந்து கிடந்தது. அந்த மூலையில் ஏன் என்று பார்த்தால், தகடு லேசாக வளைந்து, மூடிக்கும் பெட்டிக்கும் நடுவே ஏழு மில்லிமீட்டர் இடைவெளி இருந்தது. சுண்டெலி நுழைய ஆறு மில்லிமீட்டர் போதும். பெரிய எலியால் உள்ளே போக முடியாது. ஆனால் அந்த விளிம்பில் பல்லை வைத்து மேலும் வளைக்கப் பார்க்கும். எலியின் வெட்டுப்பற்கள் வாழ்நாள் முழுவதும் வளர்ந்துகொண்டே இருப்பதால் அது எதையாவது கடித்துத் தேய்த்துக்கொண்டேதான் இருக்கும்.

தயாரித்தவர்களுக்குப் படத்துடன் எழுதினேன். பதில் வரப் பதினைந்து நாள், வேறு மூடி வர மேலும் ஒரு வாரம். அனுப்பியது சரியான மூடிதான், மறுப்புச் சொல்லாமலும் அனுப்பினார்கள். ஆனால் அந்த மூன்று வாரமும் ஒரு தகரத் துண்டை வெட்டி ஆணியடித்து நானேதான் அந்த இடைவெளியை அடைக்க வேண்டியிருந்தது. பெட்டி கைக்கு வந்ததும் மூடியின் நான்கு ஓரமும் ஒரு பென்சிலைச் செருகிப் பாருங்கள். பென்சில் ஏழு மில்லிமீட்டர் தடிமன். அது நுழைந்தால் சுண்டெலியும் நுழையும்.

இடைவெளியை அடைத்த பிறகு இரவில் தீவனம் குறைவது அடியோடு நின்றது. தராசில் மாலை எடையும் காலை எடையும் ஒன்றாக வந்த முதல் நாளை நான் தேதியோடு குறித்து வைத்திருக்கிறேன். பெட்டி தன் வேலையைச் செய்துவிட்டது. அதை மறுக்கவே முடியாது.

ஆனால் அதன்பின் நடந்ததை நான் எதிர்பார்த்திருக்கவில்லை. பத்து எலிகளுக்குத் தினமும் கிடைத்துவந்த சாப்பாடு நின்றுவிட்டது. அவை மூட்டை கட்டிக்கொண்டு வேறு ஊருக்குப் போய்விடவில்லை. பசியோடு அதே தோட்டத்தில்தான் இருந்தன. மூன்றாம் நாள், பின்கட்டில் இருந்த தீவன மூட்டையின் அடியில் ஓட்டை. நான்காம் நாள், முட்டையிடும் பெட்டியில் உடைந்த ஓடு. ஆறாம் நாள் காலை கூட்டைத் திறந்தபோது செம்பி கம்பைவிட்டு இறங்கவில்லை. தூக்கிப் பார்த்தேன். இடது காலின் நடுவிரலில், நகத்துக்கு மேலே, தோல் கடிக்கப்பட்டுச் சதை தெரிந்தது. கம்பின் மேல் இரத்தம் காய்ந்திருந்தது. கூட்டின் கீழ்மூலையில் கோழிவலைக் கம்பி அறுந்து, என் கைமுட்டி நுழையும் அளவுக்கு வழி.

அந்தக் காயத்தைக் கழுவி மருந்து போடும்போது செம்பி என் மடியில் அசையாமல் கிடந்தது. இருட்டில் கண் தெரியாத ஒரு பிராணியைப் பூட்டி வைத்துவிட்டு, அதன் பக்கத்திலேயே பசித்த எலிகளை விட்டிருக்கிறேன். இந்த விஷயத்தில் எனக்குள் இன்றும் வருத்தம் இருக்கிறது. இதை எழுதுவதற்கு முதல் காரணமே அதுதான்.

ஆகவே, வேலையின் வரிசை மிக முக்கியம். முதலில் கூட்டை அடையுங்கள். பிறகு மூட்டையைப் பத்திரப்படுத்துங்கள். அதன்பிறகு பெட்டியை வாங்குங்கள். நான் தலைகீழாகச் செய்தேன்.

கோழிவலை என்று கடையில் விற்கும் அறுகோணக் கண் வலை கோழியை உள்ளே வைத்திருக்க மட்டும்தான் உதவும். எலியை வெளியே நிறுத்தாது. அதன் கண் பெரியது, கம்பி மெல்லியது. அதைக் கழற்றிவிட்டு, பற்றவைத்த சதுரக்கண் வலையைக் கூட்டின் நான்கு பக்கமும் அடித்தேன். கண் 12 மில்லிமீட்டர், கம்பி ஒரு மில்லிமீட்டர் தடிமன். சுண்டெலியையும் தடுக்க வேண்டுமென்றால் ஆறு மில்லிமீட்டர் கண் வேண்டும். முட்டைப் பெட்டியின் பின்பக்கத்துக்கு மட்டும் அதைப் போட்டேன். சுவரோடு நிறுத்தினால் எலி அடியில் தோண்டி வரும். அதனால் வலையை 30 சென்டிமீட்டர் மண்ணுக்குள் இறக்கி, அங்கிருந்து வெளிப்பக்கமாக மடித்து இன்னொரு 30 சென்டிமீட்டர் படுக்கையாகப் பரப்பி மண்ணைப் போட்டு மூடினேன். எலி சுவரை ஒட்டித்தான் தோண்டத் தொடங்கும். பின்னால் தள்ளிப் போய்த் தோண்ட வேண்டும் என்று அதற்குத் தோன்றாது. இரண்டு வார இறுதிகள் இந்த வேலைக்கே போயின. கைகள் முழுவதும் கம்பி கிழித்த கோடுகள். ஆனால் அந்த நாளுக்குப் பிறகு எந்தக் கோழியின் காலிலும் ஒரு கீறல்கூட இல்லை.

கூட்டின் தரை மண்ணோடு ஒட்டியிருந்ததும் ஒரு தவறு. மறைவான, இருட்டான, யாரும் தொடாத இடம்தான் எலி குடியிருக்கத் தேடும் இடம். கூட்டைத் தூக்கிக் கல்தூண்கள் மேல் முழங்கால் உயரத்துக்கு வைத்ததும் அடியில் வெளிச்சமும் காற்றும் வந்தன. கோழிகளே பகலில் அங்கே போய்ச் சீய்த்துக் கிளறுகின்றன. இப்போது அங்கே ஒரு வளைகூட இல்லை.

தீவன மூட்டை இப்போது மூடியுள்ள தகர டிரம்மில். பிளாஸ்டிக் டிரம்மை நம்ப வேண்டாம். எலிக்கு அது ஒரு வார வேலை. முட்டையை மாலைக்குள் எடுத்துவிடுகிறேன். தண்ணீர்க் குவளையையும் பொழுது சாய்ந்ததும் கவிழ்த்துவிட்டு விடிந்ததும் நிரப்புகிறேன். கம்பில் அமர்ந்த கோழி இரவில் தண்ணீர் குடிக்காது. ஆனால் பெரிய எலிக்குத் தினமும் தண்ணீர் வேண்டும்.

மாவுத் தீவனத்தை விட்டுக் குச்சித் தீவனத்துக்கு மாறியதும் பெரிய உதவி. இந்தப் பெட்டியில் மாவைப் போட்டால் கோழி அலகால் இருபக்கமும் தள்ளிச் சிந்தும். மிதிப்பலகையின் அடியில் போய்ச் சேரும் அந்த மாவை எளிதில் பெருக்கி எடுக்க முடியாது. எலிக்கு அதுவே போதும். குச்சியாக இருந்தால் சிந்துவது குறைவு, சிந்தினாலும் கோழியே பொறுக்கித் தின்றுவிடும். பலகையை வாரம் ஒருமுறை தூக்கி அடியில் பெருக்குகிறேன். பலகையை எளிதாகக் கழற்றும்படி அமைக்காதது இந்தப் பெட்டியின் இன்னொரு குறை. நான்கு திருகுகளைக் கழற்றி மாட்ட வேண்டியிருக்கிறது.

மழைக்காலத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். "மழைக்குத் தாங்கும்" என்று எழுதியிருந்தார்கள். தகடு தாங்கியது, கீல்கள் தாங்கவில்லை. ஏழாம் மாதம் வலது கீலில் துரு ஏறி மூடி இறுகிப் பாதியில் நின்றுவிட்டது. அன்று இரவு முழுவதும் தொட்டி திறந்தே கிடந்தது. நல்ல வேளையாக நான் மாலையில் எடை போடும் பழக்கத்தை விடாமல் இருந்ததால் காலையிலேயே தெரிந்துகொண்டேன். அதைவிட முக்கியம், ஈரம் உள்ளே இறங்கித் தொட்டியின் பின்மூலையில் தீவனம் கட்டியாகிப் பூசணம் பிடித்திருந்தது. பூசணம் பிடித்த தீவனம் கோழியின் ஈரலைக் கெடுக்கும். அன்றே பெட்டியைக் கூரைக்கு அடியில் மாற்றினேன். இப்போது மாதம் ஒருமுறை அடிமூலை தெரியும்வரை காலி செய்து துணியால் துடைக்கிறேன். துருப்பிடிக்காத எஃகுக் கீல் போட்டிருந்தால் இந்தத் தொல்லை வந்தே இருக்காது.

எலி மருந்து வைக்கலாமே என்று பெரியவரும் சொன்னார், வேறு சிலரும் சொன்னார்கள். கோழி இருக்கும் இடத்தில் அதை நான் செய்ய மாட்டேன். கடையில் விற்கும் எலி மருந்துகளில் பல இரத்தம் உறைவதைத் தடுப்பவை. அவற்றைத் தின்ற எலி உடனே சாகாது. சில நாட்கள் தள்ளாடித் திரிந்து திறந்த வெளியில் விழும். கோழி எதைக் கண்டாலும் கொத்தும். மருந்தை நேரடியாகத் தின்றாலும், மருந்து தின்ற எலியைக் கொத்தினாலும் ஆபத்துதான். முட்டை வழியாக அது நம் தட்டுக்கும் வரலாம். எலியைப் பிடித்துத் தின்னும் ஆந்தையும் பூனையும் சாகும். அவைதான் நமக்கு இலவசக் காவல். பசைத்தட்டு கொடுமை, அதைப் பற்றி எழுதவே மனம் வரவில்லை. ஒலி எழுப்பி எலியை விரட்டும் மின்கருவி ஒன்றை ஒரு நண்பர் கொடுத்தார். ஐந்தாம் இரவே அந்தக் கருவியின் முன்னாலேயே பவுடரில் தடம் இருந்தது. திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

பொறி மட்டும் வைத்தேன். விசைப்பொறி இரண்டை, இருபுறமும் எலி நுழையும் அளவுக்கு மட்டும் ஓட்டை போட்ட மரப்பெட்டிக்குள் வைத்து, சுவர் ஓரமாக வைத்தேன். கோழியின் தலையோ காலோ உள்ளே போகாது. முதல் ஐந்து நாள் பொறியை விசையேற்றாமல் இரை மட்டும் வைத்துப் பழக்கினேன். அதன்பின் இரண்டு வாரத்தில் நான்கு விழுந்தன. கையுறை இல்லாமல் செத்த எலியைத் தொடாதீர்கள். அதன் சிறுநீரில் எலிக்காய்ச்சல் கிருமி இருக்கலாம். கையில் ஒரு சிறு கீறல் இருந்தாலும் போதும்.

மற்றவை தாமாகவே குறைந்தன. எப்படித் தெரியும் என்றால், தோட்டத்தில் கண்ட வளை வாய்களை எண்ணி வைத்திருந்தேன், மொத்தம் ஏழு. ஒவ்வொன்றிலும் செய்தித்தாளைக் கசக்கி அடைத்துவிடுவேன். உள்ளே எலி இருந்தால் மறுநாள் காகிதம் வெளியே தள்ளப்பட்டிருக்கும். மூன்று வாரத்தில் ஏழு மூன்றாயிற்று. இரண்டாம் மாத முடிவில் ஒரு காகிதமும் அசையவில்லை. கடைசி வளை பெரியவர் வீட்டு மட்கு உரக்குழியை ஒட்டியிருந்தது. அவரிடம் சென்று, "ஐயா, நீங்கள் அன்று சொன்னது சரிதான், என் தீவனம்தான் காரணம். சரிசெய்துவிட்டேன். உங்கள் உரக்குழிக்கும் அடியில் வலை போட்டுவிடலாமா?" என்று கேட்டேன். "வலை மிச்சம் இருக்கிறதா அம்மா?" என்று கேட்டார். அன்று மாலையே இருவருமாகப் போட்டு முடித்தோம்.

இந்தப் பெட்டிக்கு நான் ஐந்துக்கு மூன்றரை கொடுப்பேன். வேலை செய்யும் விதத்துக்கு முழு மதிப்பெண். கீல், மூடி இடைவெளி, அகலமான பலகை இவற்றுக்காகக் குறைக்கிறேன். மாதம் ஏழு கிலோ தீவனம் மிச்சமாவதால் போட்ட பணம் திரும்ப வந்துவிட்டது. நான்கு முதல் பத்துக் கோழிகள் வைத்திருப்பவர்களுக்கும், மாலையில் வீடு திரும்பத் தாமதமாகிறவர்களுக்கும் இது நிச்சயம் பயன்படும். தினமும் அந்தி நேரத்தில் வீட்டில் இருப்பவர், தீவனத்தை அளந்து போட்டு மிச்சத்தை எடுத்து டிரம்மில் கொட்டி மூடுபவர் என்றால், இந்தப் பெட்டியே தேவையில்லை. சாதாரணத் தொட்டியே போதும். எடை குறைந்த குட்டை இனக் கோழிகளுக்கு இது ஒத்துவராது. ஒரு கிலோவுக்குக் குறைந்த கோழியால் மூடியைத் தூக்க முடியாது. தூக்கும்படி தளர்த்தினால் எலியும் தூக்கிவிடும்.

குஞ்சுகள் இருக்கும் இடத்தில் இதை வைக்கவே கூடாது. தாய் மிதித்து நிற்கும்போது குஞ்சு தொட்டிக்குள் இறங்கிவிடும். தாய் இறங்கினால் மூடி அதன் மேல் விழும். அந்த வேலைக்கு வேறு வழிதான் பார்க்க வேண்டும், நானும் இப்போது அதைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். செம்பி பதினொரு முட்டைகளின் மேல் அடைகாக்கிறது. இடது நடுவிரலில் அந்தத் தழும்பு இன்னும் இருக்கிறது. இன்று பதினாறாம் நாள். இருபத்தோராம் நாள் குஞ்சு பொரியும். குஞ்சுக் கூண்டின் அடிப்பகுதியில் மட்டும் இன்னும் பழைய வலைதான் இருக்கிறது. ஆறு மில்லிமீட்டர் வலை நேற்று வந்துவிட்டது. நாளைக் காலை அதை வெட்டத் தொடங்குகிறேன்.